அம்மாவின் மறதிக்குக் குடல் பாக்டீரியா மாத்திரை வாங்கலாமா? களிக்குத் திரும்பினால் போதுமா?

பாலக்கோட்டிலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சாரம் இது. அம்மாவுக்கு 71 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ஆறு மாதமாக மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. கடைவாய்ப் பற்கள் விழுந்ததிலிருந்து ரசம் சோறு, டீ, பன், பிஸ்கட் தவிர வேறெதையும் தொடுவதில்லை. குடலில் நல்ல பாக்டீரியா சேர்ந்தால் மூளை தெளியும் என்று ஒரு காணொளி பார்த்துவிட்டு, மாதத்துக்கு 1,800 ரூபாய் ஆகும் புரோபயாட்டிக் மாத்திரையை வாங்கலாமா, அல்லது பழையபடி களி, கூழ் கொடுத்தாலே போதுமா என்று மகன் கேட்கிறார். சளி, காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது பற்றியும் கேட்டிருக்கிறார்.

மாத்திரை வேண்டாம். அந்த 1,800 ரூபாயில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். களியும் கூழும் நல்ல பாதைதான், ஆனால் களி மட்டும் போதாது. ஒரு சோற்றுத் தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு களித் தட்டை வைப்பதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. வயதானவர்களின் குடலைக் கெடுப்பது ஒரு குறிப்பிட்ட உணவு இல்லாமல் போவது அல்ல. தட்டில் விதவிதமாக இருந்தவை ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் இரண்டு மூன்று பண்டங்களே மிஞ்சுவதுதான். உங்கள் அம்மாவுக்கு நடந்திருப்பதும் அதுவே.

உணவுக்குப் போகுமுன் பரிசோதனை பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதைத் தள்ளிப்போடக் கூடாது. மெட்ஃபார்மின் நான்கைந்து வருடத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 உடலில் ஏறுவது குறையும். அதோடு நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரையைத் தினமும் வருடக்கணக்கில் போட்டால் இன்னும் குறையும். பாலும் முட்டையும் மீனும் இல்லாமல் ரசம் சோறு மட்டும் சாப்பிட்டால் உள்ளே வருவதே இல்லை. பி12 குறைவு மறதியாகவும், பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல், நடையில் தடுமாற்றமாகவும் வெளிப்படும். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால் அறிகுறியையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடிய குறை இது. சீக்கிரம் பிடித்தால் மறதி குறையக்கூடும், வருடக்கணக்கில் விட்டால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாது. கீரையிலும் கேழ்வரகிலும் பி12 கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுப்பதும் தவறு. ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கிளிமிபிரைடு. மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டு அரை வயிறு சாப்பிட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கக்கூடும். வயதானவர்களுக்குப் படபடப்பும் வியர்வையும் பல நேரம் தெளிவாக வராது. குழப்பம், உளறல், தூக்கக்கலக்கம் என்றுதான் தெரியும், வீட்டில் அதை மறதி என்று நினைத்துக்கொள்வார்கள். குழப்பமாக இருக்கும் நேரத்திலேயே விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். தைராய்டு, சோடியம், ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நான்கையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இவற்றில் பலவற்றுக்குச் செலவில்லை. பி12 அங்கு எடுக்காவிட்டால் அதை மட்டும் வெளியில் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா போடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், இவை மூன்றும் குடலையும் கட்டும், முதியவர்களின் மூளையையும் மந்தமாக்கும். மலச்சிக்கலும் மறதியும் ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வகை மருந்துகளைத்தான்.

சரி, குடலுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

நாம் சாப்பிடும் நார்ச்சத்தை நம் உடம்பால் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். அது போதுமான அளவு கிடைத்தால் சுவர் இறுக்கமாக இருக்கும். நார் கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் சுவரின் மேல் இருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன. சுவர் தளர்ந்தால் பாக்டீரியாவின் மேலோட்டுத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, உடல் முழுக்க மெல்லிய அழற்சி நிலைத்துவிடுகிறது. அந்த அழற்சி ரத்தக்குழாயைக் கெடுக்கும், இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கும், மூளையில் இருக்கும் காவல் செல்களைத் தூண்டிவிடும். இது தவிர, குடலிலிருந்து மூளைக்கு வேகஸ் நரம்பு வழியாக நேரடித் தகவலும் போகிறது. உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் உற்பத்தியாகிறது என்பது உண்மை. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. "குடலில் மகிழ்ச்சி ஹார்மோன்" என்று சொல்லி மாத்திரை விற்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வில், வீட்டில் இருப்பவர்களை விட நீண்டகாலமாகப் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தன. சாப்பாட்டு வகை குறைந்ததும் உடல் நலிவும் அதோடு சேர்ந்து வந்தன. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 65 முதல் 79 வயது வரையிலான 612 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2020-ல் வந்தது. காய்கறி, பயறு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ள உணவை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்குக் குடல் பாக்டீரியாக்கள் மாறின. அழற்சி குறைந்தது, நினைவுச் சோதனைகளிலும் நடை வேகத்திலும் நன்மை தெரிந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 60 வயதைக் கடந்த 36 இரட்டையர் சோடிகளை வைத்துச் செய்த சோதனை 2024-ல் வெளியானது. சோடியில் ஒருவருக்கு மட்டும் 12 வாரம் தினமும் 7.5 கிராம் நார்ப்பொடி, இருவருக்கும் புரதச் சத்தும் உடற்பயிற்சியும். நார் எடுத்தவர்களுக்கு பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா கூடியது, நினைவுச் சோதனையில் தவறுகள் குறைந்தன. தசை வலிமையில் வித்தியாசம் இல்லை.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் 604 பேருக்கு மூன்று வருடம் மூளைக்கென்றே வகுத்த உணவைக் கொடுத்த சோதனை 2023-ல் முடிந்தது. அளவைக் குறைத்து வழக்கமான உணவைச் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இளம் எலியின் குடல் பாக்டீரியாவை முதிய எலிக்கு மாற்றினால் மூளையில் வயதின் சில அடையாளங்கள் குறைந்தன என்று 2021-ல் வந்த ஆய்வைக் காணொளிகள் அடிக்கடி காட்டும். அது எலி. மனிதரில் அல்சைமர் நோயாளிகள் 60 பேருக்கு 12 வாரம் பாக்டீரியா கலந்த பால் கொடுத்த ஈரான் ஆய்வு 2016-ல் நன்மை காட்டியது. நோய் முற்றியவர்களிடம் அதே நாட்டில் பிறகு செய்த ஆய்வு காட்டவில்லை. ஆகவே உணவு மூளைக்கு உதவுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது, டப்பாவில் வரும் பாக்டீரியா மறதியைத் தீர்க்கும் என்பதற்கு இல்லை. வெளியிலிருந்து விழுங்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடலில் குடியேறுவதும் இல்லை. நிறுத்திய சில வாரங்களில் போய்விடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்குத் தீனி போடுவதுதான் நிலைக்கிற வழி.

இனி உங்கள் அம்மாவின் தட்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையை வைத்து ஒரு கணக்குப் போடலாம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார் 3 கிராம்கூட இல்லை. நாளுக்கு 250 கிராம் அரிசி, தெளிந்த ரசம், இரண்டு பன், நான்கு பிஸ்கட் என்றால் மொத்தம் 10 கிராம் நார் தேறினால் அதிகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம்.

கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் நார். 75 கிராம் மாவில் கிளறிய ஓர் உருண்டைக் களியில் 8 கிராம் வரும். தோலோடு உள்ள பச்சைப்பயறு 40 கிராம் வேகவைத்தால் 6 முதல் 7. ஒரு கைப்பிடிக்கு மேல், அதாவது 100 கிராம் கீரை கடைந்தால் 4 முதல் 5. முருங்கைக்கீரை என்றால் 8 வரை. நடுத்தரக் கொய்யா பாதி 5 அல்லது 6. நிலக்கடலை 20 கிராம் 2. இரவுச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி 3. கூட்டிப் பாருங்கள், 28-ஐத் தாண்டிவிடுகிறது. இதில் எதையும் பெங்களூருக்குப் போய் வாங்க வேண்டியதில்லை, வாரச் சந்தையிலேயே கிடைக்கும். தருமபுரி, நீலகிரி இரண்டு மாவட்டங்களில் ரேஷன் கடையில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டம் 2023-ல் தொடங்கியது. அட்டையில் அதை விடாமல் வாங்குங்கள்.

கொள்ளு பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் நாருக்குக் கொள்ளுதான் முதல் என்று நினைப்பார்கள். அதே அட்டவணையில் 100 கிராம் கொள்ளில் நார் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முழுப் பச்சைப்பயறில் 17, மொச்சையில் 20-க்கு மேல், முழுக் கொண்டைக்கடலையில் 25. கொள்ளு புரதத்துக்கு நல்லது, 100-க்கு 22 கிராம். ஆனால் வாரம் முழுக்கக் கொள்ளு ரசமே வைத்துவிட்டு நார் கொடுத்தாயிற்று என்று நினைக்க வேண்டாம். ரசத்தில் வடிநீர்தான் வருகிறது, பருப்பு சட்டியிலேயே நிற்கிறது. கடைசலாகச் செய்தால்தான் முழுப் பயனும். திங்கள் பச்சைப்பயறு, புதன் காராமணி, வெள்ளி கொள்ளுக் கடைசல், ஞாயிறு அவரைக்கொட்டை என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு பயறின் நாரையும் வேறு வேறு பாக்டீரியாக் கூட்டங்கள் தின்கின்றன. வகை கூடினால் அவையும் கூடும். கீரையிலும் அப்படித்தான். தண்டுக்கீரை, புளிச்சக்கீரை, மணத்தக்காளி, மழைக்குப் பின் கொல்லையில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை என்று சுழற்றுங்கள்.

மாவு விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். கேழ்வரகு மாவை மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கோழிக்குப் போட்டால் நாரில் ஒரு பங்கு கோழிக்குத்தான் போகும். கல், தூசு போகும் அளவுக்குத் தானியத்தைக் கழுவிக் காயவைத்து அரைத்து, சலிக்காமல் பயன்படுத்துங்கள். சாமையும் அப்படியே. அரூர், சித்தேரி, சிட்லிங்கிப் பக்கம் விளையும் சாமையைத் தவிட்டோடு வாங்கினால் அரிசி பழுப்புச் சாம்பலாக இருக்கும். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தீட்டியது. தவிட்டோடு உள்ளது சீக்கிரம் சிக்கடித்துக் கசந்துவிடும், ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம்.

சர்க்கரை உள்ளவருக்குக் கேழ்வரகு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது தவறான நம்பிக்கை. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும். அதிலும் வெல்லம் போட்டால் சொல்லவே வேண்டாம். களி அதை விட மெல்லச் செரிக்கும். 75 கிராம் மாவுக்கு மேல் போகாமல், கூடவே ஒரு கிண்ணம் கீரைக் கடைசலோ பயறோ நிச்சயம் இருக்க வேண்டும். சோற்றைக் குறைத்துக் களிக்கு மாறும் முதல் இரண்டு வாரம் காலையிலும் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பாருங்கள். உணவு மாறியபின் கிளிமிபிரைடு அளவு அதிகமாகிப்போவது சாதாரணமாக நடக்கும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

களியில் இன்னொரு ஆபத்து உண்டு. களியை மெல்லாமல் விழுங்குவதுதான் வழக்கம். பக்கவாதம் வந்தவர்கள், நடுக்குவாத (பார்க்கின்சன்) நோய் உள்ளவர்கள், தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறவர்களுக்குக் களி உருண்டை தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குக் களியைக் கீரைக் கடைசலில் நன்றாகப் பிசைந்து, குழைவாக, சிறு கரண்டியில், நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். கூழாகக் கரைத்தால் எளிது என்று நினைத்து நீர்க்கக் கொடுப்பதும் புரையேற்றும், கரண்டியிலிருந்து மெல்ல வழியும் கெட்டி வேண்டும். உங்கள் அம்மாவுக்குச் சாப்பிடும்போது இருமல் வருகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

கூழ் செய்யும் விதத்தையும் எழுதிவிடுகிறேன். சலிக்காத மாவு 100 கிராமை இரண்டு டம்ளர் நீரில் கரைத்து மூடி இரவு முழுக்க வையுங்கள். மார்கழி, தை குளிரில், ஓசூர், தளிப் பக்கமென்றால் இன்னும் நான்கைந்து மணி நேரம் கூடுதலாக வேண்டும். மேலே சிறு குமிழ் வந்து இளம்புளிப்பு வாசனை அடிக்க வேண்டும். கால் டம்ளர் நொய்யை நான்கு டம்ளர் நீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறுங்கள். கை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதம் வர 15 நிமிடம் ஆகும். ஆறியதும் மண்சட்டியில் போட்டு, மேலே நீர் நிற்கும்படி ஊற்றி மறுநாள் காலை மோரில் கரைத்துக் கொடுக்கலாம்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். மாவில் வளர்ந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் அடுப்பில் ஏறியதும் செத்துவிடும், இட்லி மாவிலும் அதே கதைதான். புளிக்கவைப்பதன் லாபம் வேறு. தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறைகிறது. உயிரோடு பாக்டீரியா வேண்டுமென்றால் அது சட்டியில் இரண்டாம் இரவு ஊறும்போதும், காய்ச்சாத மோரிலும்தான் வருகிறது. மோர்க்குழம்பில் வராது. சமைத்த களியும் சோறும் ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறிப் பெருங்குடலுக்குத் தீனியாகிறது. அது பழைய சோற்றுக்கும் பொருந்தும்.

சட்டியில் வைப்பதில் பாதுகாப்பு முக்கியம். சோறும் நொய்யும் சூட்டோடு மூடிக் கிடந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாசில்லஸ் கிருமி வளரும். அகலமான தட்டில் பரப்பி இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, சுத்தமான நீரோடு ஒரு கரண்டி புளித்த மோரும் சேர்த்தால் சீக்கிரம் புளிப்பேறிக் கெட்ட கிருமி அடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் 12 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு இரவு ஊறியதைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்குச் சுடச்சுடக் கிளறிய களி போதும்.

குடிக்கவும் கூழ் கரைக்கவும் ஒகேனக்கல் குழாய் நீரையே பயன்படுத்துங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம், அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி இன்னும் செறிவுதான் கூடும்.

இப்போது மிக முக்கியமான பகுதி: எவ்வளவு வேகத்தில் மாற்றுவது. பத்து கிராம் நாரில் இருக்கும் 71 வயதுக் குடலுக்கு ஒரே நாளில் 28 கொடுத்தால் வயிறு உப்பும், வாயு பிரியும், வலிக்கும். "எனக்கு ஒத்துக்கல" என்று அம்மா தட்டைத் தள்ளிவிடுவார், அதோடு முடிந்தது. இந்த முயற்சிகள் பெரும்பாலும் தோற்பது இப்படித்தான். வாரத்துக்கு 4 அல்லது 5 கிராம் மட்டும் ஏற்றுங்கள். முதல் வாரம் மதியச் சோற்றில் கீரைக் கடைசலும் ஒரு டம்ளர் மோரும் மட்டும். இரண்டாம் வாரம் பன்னை எடுத்துவிட்டுக் கொய்யா அல்லது பப்பாளி. பல் இல்லாதவருக்குக் கொய்யாவின் விதை உறுத்தும், கரண்டியால் சுரண்டி விதையை நீக்கிக் கொடுங்கள். மூன்றாம் வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் கிண்ணம் பயறு. நான்காம் வாரம் களி அல்லது சாமைச் சோறு ஒரு வேளை. பயறைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில், விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவைக்க வேண்டும். வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் ஊறிய நீரில் கணிசமாக இறங்கிவிடும். முளைகட்டினால் இன்னும் குறையும், ஆனால் முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். கடைசலில் பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போடலாம். அந்த லண்டன் சோதனையில் கொடுத்த நார்வகை சிறு அளவில் இவற்றிலும் இருக்கிறது.

நாரோடு நீர் போகாவிட்டால் மலச்சிக்கல் கூடும். நாளுக்கு ஆறு முதல் எட்டு டம்ளர், மோரும் ரசமும் சேர்த்து. முதியவர்களுக்குத் தாகம் தெரியாது, இரவில் எழுந்திருக்கப் பயந்து குடிக்காமலும் இருப்பார்கள். மாலை ஐந்து மணிக்குள் பெரும்பங்கைக் கொடுத்துவிடுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் நீர் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி கொடுப்பதானால் ஒரு தேக்கரண்டிக்கு ஒரு பெரிய டம்ளர் நீர், கலந்த உடனே குடிக்க வேண்டும். கொஞ்சம் நீரில் கொடுத்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக இறுகிப்போன மலம் பல நாள் தேங்கியிருந்தால், நார் ஏற்றுமுன் மருத்துவர் சொல்லும் மருந்தில் குடலைக் காலி செய்துவிடுங்கள். தேக்கத்தின் மேல் நாரை அடுக்குவது தவறு.

நார் பேச்சில் புரதத்தை மறந்துவிடக் கூடாது. டீ, பிஸ்கட்டில் நாளை ஓட்டும் முதியவர்களுக்குத் தசை கரையும். தசை போனால் நடை போகும், நடை போனால் மூளையும் மங்கும். எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், 50 கிலோ இருப்பவருக்கு 50 முதல் 60. கிரியாட்டினின் அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் அளவு வேறு. மேலே சொன்ன தட்டோடு தினம் ஒரு முட்டை, பாலும் மோருமாக இரண்டு டம்ளர் சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும், பி12-ம் கிடைக்கும். வாரம் இருமுறை மீன் சேர்க்கலாம். கிருஷ்ணகிரி அணையிலும் ஒகேனக்கல்லிலும் கிடைக்கும் ஆற்று மீன் புரதத்துக்கு நல்லது, ஒமேகா-3 வேண்டுமென்றால் சந்தைக்கு வரும் மத்தி அதை விட மேல். நிலக்கடலையில் கறுத்தது, சுருங்கியது, கசப்பது எதையும் கொடுக்காதீர்கள், பூஞ்சை நஞ்சு இருக்கும். பல் இல்லாதவருக்கு வறுத்துப் பொடித்துக் கீரையில் தூவலாம்.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி வீடுகளில் பழக்கூழை டப்பாக்கணக்கில் வைத்துக்கொண்டு ஜூஸ் போட்டுத் தருவார்கள். வேண்டாம். பழத்தை அறுத்து 100 கிராம் அளவில், வேறு இனிப்பு இல்லாத நாளில் கொடுங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றையும் கூழுக்குத் தொட்டுக்கொள்ள வைத்தால் நாளுக்கு 5 கிராம் என்ற உப்பு அளவு காலையிலேயே தீர்ந்துவிடும், ரத்த அழுத்தம் ஏறும். சின்ன வெங்காயமும் துவையலும் போதும்.

சிலருக்கு இந்தத் தட்டை அப்படியே கொடுக்க முடியாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கீரையிலும் பயறிலும் உள்ள பொட்டாசியம் ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையை நிறுத்த வேண்டாம், ஆனால் அளவை வாரத்துக்கு வாரம் ஏற்றி இறக்காமல் ஒரே சீராக வைக்க வேண்டும். நடுக்குவாதத்துக்கு லெவோடோபா போடுகிறவர்கள் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும், புரதம் அதைத் தடுக்கும். அந்த நோயில் மலச்சிக்கல் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே தொடங்குவதுண்டு. உங்கள் அம்மாவின் நடை சிறு சிறு அடியாக மாறியிருந்தால், முகம் அசைவின்றி இருந்தால் நரம்பு மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

வாயையும் பார்க்க வேண்டும். எல்லாம் தொடங்கியதே பல் விழுந்தபோதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பல் செட் வைத்தால் தட்டு தானாக விரியும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை விட வைப்பது எந்தக் கூழை விடவும் பெரிய லாபம்.

உணவு தனியாக நின்று மூளையைக் காப்பாற்றாது. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரை இரண்டு வருடம் வைத்துச் செய்து 2015-ல் வெளியான சோதனையில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தபோதுதான் நினைவாற்றலில் பலன் தெரிந்தது. காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, கெட்ட கொழுப்பு உட்பட 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு மதிப்பிட்டது. அம்மாவுக்குக் கண்புரை இருந்தால் அறுவை செய்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அதன் தன்னார்வலர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலையில் அம்மாவோடு சேர்ந்து 20 நிமிடம் நடந்து போங்கள். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் உட்காருங்கள், தனியாகச் சாப்பிடும் முதியவர்களின் தட்டுதான் முதலில் சுருங்குகிறது.

ஆன்டிபயாடிக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சளி, சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஒரு சுற்று ஆன்டிபயாடிக் குடல் பாக்டீரியாக்களைப் பல வாரங்களுக்குக் குலைத்துவிடும். மருத்துவர் தேவையென்று எழுதினால் முழுதாகப் போட்டு முடியுங்கள். அந்த நாட்களில் நீர்த்த வயிற்றுப்போக்கு ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் போனால் உடனே காட்டுங்கள்.

குடல் பாக்டீரியாக்கள் உணவு மாறிய சில நாட்களிலேயே மாறத் தொடங்கும், விட்டால் அதே வேகத்தில் பழைய நிலைக்குப் போகும். மலம் ஒழுங்காக மூன்று நான்கு வாரம் ஆகலாம். நினைவில் மாற்றம் வந்தால் அது மூன்று மாதத்துக்கு முன் தெரியாது, மறதிநோய் உறுதியாகியிருந்தால் உணவால் மட்டும் அது திரும்பாது. ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை எடை, மலம் போன நாட்கள், காலைச் சர்க்கரை மூன்றையும் குறித்து வாருங்கள். மூன்று மாதம் கழித்து மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டி நினைவுச் சோதனையும் செய்துவிடலாம். இதற்கிடையில் எடை ஆறு மாதத்தில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், மலத்தில் ரத்தம் கண்டால் காத்திருக்க வேண்டாம். மறதி மெல்ல வராமல் இரண்டு நாளில் திடீரென்று குழப்பமாக மாறினால் அது சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் இறங்கியதாகவோ இருக்கலாம். அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.